கிரீஸ் பசங்களின் ஐந்தாவது ஆள்

“இன்னைக்கு என் தம்பி செத்தான்னா, நீங்க அந்தப் பட்டறையிலயே படுத்துக்குங்க. இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க!”

சொல்லிவிட்டு, பிழிந்த ஈரத்துணியை வாளிக்குள் ஓங்கி எறிந்தாள் வெல்டரின் மனைவி. அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சாகிறதும் பொழைக்கிறதும் அவன் கையில இருக்கு. கேமுக்குள்ள போய் நான் என்ன, குறுக்கேயா படுக்க முடியும்?”

‘கிரீஸ் பசங்க’ அவர் நடத்தும் ஆன்லைன் கேம் குழு. மெக்கானிக், டிரைவர், மூட்டை தூக்குகிறவர் என்று முதுகொடிய உழைக்கிற கூட்டம். வேலை முடிந்தால் போனில் துப்பாக்கி தூக்கும். வருகிற வாரம் ஊரும் ஊரும் மோதும் பெரிய போட்டி. ஐந்து பேர் போகலாம், நாலு பேர் தேறிவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு மச்சானும் ‘கட்டெறும்பு’ என்ற ஆளும் இன்று நேருக்கு நேர். கட்டெறும்பு யாரென்று எவருக்கும் தெரியாது. ஒருநாளும் மைக் போட்டதில்லை. மச்சானைச் சும்மா சேர்த்தால் குழு காறித் துப்பும். சேர்க்காவிட்டால் வீடு.

மாமியார் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கிடங்கில் சாக்குத் தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்ட மனுஷி.

“மாப்ள, யாரு ஜெயிச்சாலும் சேர்த்துக்குவீங்கதானே? அப்புறம் ஆளைப் பார்த்து மாத்த மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டேன் அத்தை. எமனே ஜெயிச்சாலும் அவனுக்குத்தான் இடம்.”

“அது போதும். நான் செத்த நேரம் படுக்கிறேன், யாரும் கூப்பிடாதீங்க.”

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. மகனுக்காக இப்படி உருகுகிறாரே என்று வெல்டருக்கு நெஞ்சு கனத்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. மச்சான் கட்டிலில் குப்புறப் படுத்து, காலை உதைத்து உதைத்து ஆடினான். “வாடா எறும்பு, வா! நசுக்கித் தள்ளிடறேன்!” குழு முழுக்கப் போனில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அக்காக்காரி தம்பியின் முதுகில் தாளம் போட்டாள்.

பாதி ஆட்டத்தில் மச்சான் நைசாக நழுவி, இடிந்த வீடு ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். “இனி தேடித் தேடியே அவனுக்குத் தலை நரைச்சிடும் மாமா,” என்று கண்ணடித்தான்.

கட்டெறும்பு தேடவே இல்லை. வழியில் இருந்த எந்த வீட்டையும் எட்டிக்கூடப் பார்க்காமல், நேரே அந்தப் படிக்கட்டுக்கு வந்தது. ஒரே குண்டு.

“ஐயோ, போச்சே!” என்று மனைவி அலறினாள். மச்சான் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான்.

“கள்ள ஆட்டம் மாமா! செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதைக் காட்டுற சாஃப்ட்வேர் வச்சிருக்கான். இல்லேன்னா நான் அங்க இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?”

குழுவிலும் கூச்சல். ‘எறும்பைத் தூக்கு!’ ‘மச்சானுக்காக நடிக்காதே அட்மின்!’ ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். வெல்டருக்கே சந்தேகம் தட்டியது. நேர்மை என்றால் விசாரித்துவிட்டுத்தான் தீர்ப்பு. எல்லார் காதிலும் விழும்படி மைக்கைப் போட்டார்.

“இந்தாப்பா கட்டெறும்பு, இத்தனை பேர் கேக்குறோம். அவன் படிக்கட்டுக்கு அடியிலதான் இருக்கான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வாயைத் திறந்து சொல்லு. இல்லேன்னா உன் இடம் என் மச்சானுக்குப் போயிடும்.”

முதல்முறையாகக் கட்டெறும்பின் மைக் திறந்தது.

“அவன் எங்க போய் ஒளிவான்னு பெத்தவளுக்குத் தெரியாதா, மாப்ள?”