டிரஸ்ஸர் பார்த்த நாடி

ஜெயபாலனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதரை இன்று பறக்க விடலாமா, கூடாதா என்று யோசித்தேன். ஜொகூர் பாருவுக்கு வெளியே இருந்த புல்தரையிலிருந்து மலாக்காவுக்குத் தபால் மூட்டையையும் இரண்டு பயணிகளையும் ஏற்றிப்போகும் சின்ன விமானத்துக்கு அவர்தான் விமானி. வயது இருபத்தாறு.

நான் ஸ்டானிஸ்லாஸ், பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்; டாக்டர் வராத நாளில் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுப்பவன். 1936இல் வேறொரு விமானி ஓய்வில்லாமல் பறந்து, நடுவானில் கண் அசந்து, விமானத்தைச் சதுப்பு நிலத்தில் இறக்கிவிட்டார். பயணி ஒருவருக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் விதி வைத்தார்கள். ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஒரு டிரஸ்ஸர் விமானியைப் பார்த்து, பறக்கலாம் என்று சீட்டு கொடுக்க வேண்டும்.

களைப்பைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஜொகூரிலேயே ஆளில்லை என்று கம்பெனி மானேஜரிடம் நானே சொல்லி அந்த வேலையை வாங்கியிருந்தேன்.

தோட்டத்தில் மலேரியா பரவிய சமயம் அது. இரண்டு நாளாக நான் படுக்கவே இல்லை. ஆனால் விதி விமானிகளுக்குத்தானே, டிரஸ்ஸர்களுக்கு இல்லையே.

"நல்லா தூங்கினீங்களா, தம்பி?" என்று கேட்டேன்.

எட்டு மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். வழக்கம்போல் சீட்டில் முதலில் கையெழுத்தைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணத் தொடங்கினேன். சீரான, இதமான நாடி.

நாற்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது.

நிமிர்ந்தேன். அவர் கையை நீட்டியபடி எதிரே உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காதோரம் எண்ணெய்க் கறை. இதையெல்லாம் முதலில் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று வெட்கமாக இருந்தது. கடைசி நேரத்திலாவது பிடித்துவிட்டேனே என்று பெருமையாகவும் இருந்தது.

கையெழுத்துப் போட்ட சீட்டைக் கிழித்துப்போடத் தேடினேன். காணவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமைச் சாமியாரே தோற்றுப்போகும்படி ஒரு பிரசங்கம் செய்தேன். விமானியை நம்பி இரண்டு உயிர் ஏறுகிறது, களைப்பை மறைப்பது பாவம், என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றெல்லாம் சொன்னேன். ஜெயபாலன் உதட்டைக் கடித்துக்கொண்டு, தலை குனிந்து கேட்டார். பாவம், அழுதுவிடுவாரோ என்று எனக்கே மனம் இளகியது.

"கோவிச்சுக்காதீங்க, தம்பி. ரொம்பக் களைச்சிருக்கீங்க. இன்னைக்கு உங்கள மலாக்காவுக்கு அனுப்ப முடியாது."

அவர் தலையைத் தூக்கினார்.

"மலாக்காவுக்குப் போயிட்டு வந்தாச்சு, டிரஸ்ஸர்."