லட்சணமான எண்

"மனுசன் செஞ்ச மொதத் தப்பு என்ன தெரியுமா தாஹிரா? விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சதுதான்."

பெட்டியில் சட்டைகளை அடுக்கியபடி நூர் அகமது இதைச் சொன்னார். கல்லூரியில் கணிதம் நடத்துபவர். கல்கத்தாவில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றை ஒரு வருடம் பழகிவர, சாயங்கால ரயிலில் கிளம்புகிறார். அது பதினாறு பதினாறாக எண்ணும் என்று அவருக்குக் கேள்வி. பேகம்பூர் வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றுவிட்டது.

"பத்து விரல் இருந்தா பத்துலதானே எண்ணுவாங்க?" என்றாள் அவர் மனைவி.

"அதான் தப்பு. பத்தைப் பாதியாக்கினா அஞ்சு. அதோட முடங்கிப்போச்சு. பதினாறைப் பாதி பாதியா ஒண்ணு வரைக்கும் கொண்டுபோகலாம். ரூவாய்க்குப் பதினாறு அணா இருந்தப்ப நாம அம்புட்டு நாகரிகமா இருந்தோம். நயா பைசா வந்துச்சு, எல்லாம் போச்சு."

பத்து முதல் பதினைந்து வரை ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் குறி வேண்டுமென்று ஆறு புதுக் குறிகளை அவரே வரைந்து, பெயரும் வைத்திருந்தார். கல்யாணமான நாலு வருடத்தில் அவர் பெயர் வைத்தது அவற்றுக்குத்தான்.

"இன்னைக்கே போகணுமா?"

"நிக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லு, நிக்கிறேன்."

தாஹிரா பெட்டியருகே வந்தாள். "ஒரு கணக்குக் கேக்கவா?"

உடனே பெட்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இருநூத்தி எம்பது. உங்க பதினாறுல எப்படி எழுதுவீங்க?"

"இருநூத்தி அம்பத்தாறு ஒண்ணு, பதினாறு ஒண்ணு, மிச்சம் எட்டு. ஆக, ஒண்ணு, ஒண்ணு, எட்டு. கடைசியில எட்டு நிக்குதுல்ல? வகுத்துப் பாக்காமலே சொல்லலாம், எட்டால மீதியில்லாமப் போகும்."

"அதுல நாப்பது கழிஞ்சுபோச்சு. மிச்சம்…" தாஹிரா விரலை மடக்கினாள்.

"ஏய், விரலைத் தொடாதே! மூளைக்கு லீவு விட்டவன்தான் விரலைத் தேடுவான். இருநூத்தி நாப்பது." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "அடடா! பதினஞ்சோட குறி, பக்கத்துல ஒரு சுழி. ரெண்டே எழுத்து! சுழியில முடியுது, அதனால பதினாறால வகுபடும். ரெண்டையும் கூட்டினா பதினஞ்சு, அதனால பதினஞ்சாலயும் வகுபடும். எம்புட்டு லட்சணமான எண்ணு!"

"எதை எண்ணுறேன்னு கேக்கவே இல்லையே?"

"எதையா இருந்தா என்ன? புளியங்கொட்டையா நட்சத்திரமான்னு எண்ணுக்குக் கவலை இல்ல."

"சார், ரயிலு போயிரும்!" வாசலிலிருந்து ஜட்காக்காரர் குரல் கொடுத்தார்.

தாஹிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"லட்சணமாத்தான் இருக்கும். உங்க சாடையா, என் சாடையான்னுதான் லேடி டாக்டரால சொல்ல முடியல. அதுக்கு இன்னும் இருநூத்தி நாப்பது நாள் போகணுமாம்."

நூர் அகமது அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பிப்ரவரி… மார்ச்… ஏப்ரல்…" என்று முணுமுணுத்தபடி, ஒவ்வொரு விரலாக மடக்கினார்.