நான்காவது பெயர்

எல்லோரும் "ஆமென்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எப்சிபாவின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"சுகவீனப் படுக்கையிலிருக்கிற எங்கள் சகோதரி எப்சிபாவை உமது தழும்புள்ள கரத்தால் தொட்டு, பரிபூரண சுகம் தந்தருளும்."

அப்படியேதான் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

எப்சிபாவை அடக்கம்பண்ணி இருபத்திரண்டு நாள் ஆகிறது. வீட்டிலிருந்து பெட்டியை எடுக்குமுன் ஜெபம் பண்ணியதே இவள்தான்.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சபைக் கூடத்தில் அவளுக்குப் பின்னால் பதினான்கு பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். வியாதிக்காரர்கள் பட்டியலில் பதினோரு பெயர்கள். பெயருக்கு ஓர் ஆமென். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சீட்டைப் பார்த்து ஜெபிக்கிறவர்களைக் கண்டால் உள்ளுக்குள் ஓர் இளக்காரம்.

பெருமைதான். வேறென்ன.

ஜெபக்கார அக்கா என்றுதான் சபையில் அவளுக்குப் பெயர். வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரி கொட்டும். கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். அவளுக்கும் வரும். எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

பதினான்கு பேரும் ஆமென் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்திகூடத் திடுக்கிடவில்லை.

தப்பித்தோம் என்று ஒரு கணம் தோன்றியது.

சீ.

ஆனாலும் நாக்கு ஐந்தாவது பெயருக்குத் தயாராக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்து திரும்பினாள். லீதியாள். எப்சிபாவின் மகள். அம்மா போன பிறகு இன்றைக்குத்தான் ஜெபத்துக்கு வந்திருக்கிறாள். அம்மா உட்காருகிற அதே தூணோரம், அம்மாவின் வேதப்புத்தகத்தோடு.

"பெரியம்மா," என்றாள் லீதியாள். குரலில் கோபமே இல்லை. "நானும் ஆமென் சொல்லிட்டேன் பெரியம்மா."

ஐயோ, ஆண்டவரே.

ஏழு மாதம். வெள்ளிதோறும் அந்தப் பெயரைச் சொன்னாள். எப்சிபாவின் வீடு அடுத்த தெருதான். உயிரோடிருந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. என்ன வியாதி என்றுகூடச் சரியாகத் தெரியாது. சுகவீனம் என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த..." என்று ஜெபம்தான் வந்தது.

பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முழங்காலிலேயே நகர்ந்து தூணோரம் போனாள். பெண்கள் சேலையை ஒதுக்கி வழிவிட்டார்கள். என்ன நடக்கிறதென்று பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஒங்கம்மாவுக்கு எங்கட்டி வலிச்சுது?"

லீதியாள் அவள் கையைப் பிடித்தாள். தன் இடது விலாவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து அழுத்தினாள்.

"இங்க. எந்நேரமும் இந்த எடத்தத்தான் அமுக்கிக்கிட்டே கெடப்பா. வெள்ளிக்கெழம மட்டும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருப்பா பெரியம்மா. பதினொன்றரை ஆச்சுன்னா, 'இந்நேரம் அக்கா என் பேரச் சொல்லியிருப்பாவ'ன்னு சொல்லுவா. சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கைய எடுத்துருவா."

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று முப்பத்திரண்டு.

கை அந்த விலாவிலேயே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை. கண்ணீர் வந்தது. வழக்கமாக வருகிற இடமில்லை இது. மூக்கிலும் வாயிலும் ஒழுகி, அசிங்கமாக வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பின்னாலிருந்து யாரோ தயங்கித் தயங்கி, "அக்கா, அடுத்த பேரு?" என்றார்கள்.

ஐந்தாவது பெயர் ஞானதீபம். சுகவீனப் படுக்கையிலிருக்கிற எங்கள் சகோதரி ஞானதீபம். இரண்டு வருஷமாகப் பட்டியலில் இருக்கிறது.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி இரண்டும் மரத்துப்போயிருந்தன. வாசல்வரை போய்ச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஞானதீபம் வீடு எது?"

பதினான்கு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருத்திக்கும் தெரியவில்லை.