நடுவில் ஒரு சமதளம்

ஓர் உயிரின் விலை முப்பது புள்ளி. பேரம் கிடையாது.

வடிவியல் பாடத்துக்காகப் பேராசிரியை தானே உருவாக்கிய வீடியோ கேமில் அதுதான் சட்டம். மொத்தமாக வாங்கினால் குறைத்துத் தருவீர்களா என்று வாயைக் கொடுத்துப் பார்த்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டம் எளிது. ஒரு சக்கர நாற்காலியை மேல்வாசலுக்கு ஏற்ற வேண்டும். உயரத்தைச் சொல்லிவிடுவார்கள், கோணத்தையும் நீளத்தையும் கணக்குப் போட்டுச் சாய்தளம் கட்டுவது உங்கள் பாடு. செங்குத்தாகக் கட்டினால் புள்ளி மிச்சம். ஆனால் நாற்காலி உருண்டு கீழே வந்துவிடும், ஓர் உயிர் போச்சு.

இன்று அதுவே தேர்வு. கையிருப்புக்கு மேல் செலவழித்தால் ஃபெயில்.

வகுப்பில் கருமி என்று பெயரெடுத்த பெண் கோணத்தை அச்சுப் பிசகாமல் போட்டிருந்தாள். ஆனால் ஏற்றத்தின் நடுவே, யாரும் கேட்காத ஒரு சமதளத்தையும் கட்டித் தொலைத்திருந்தாள். நாற்பது புள்ளி கடன்.

பேராசிரியைக்கு மனசு கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, நாற்காலி நிற்காமலே ஏறிவிடுமே, எதற்கு இந்த வெட்டிச் செலவு என்று கேட்டாள்.

கருமி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நாற்காலி ஏறிடும், மேடம். தள்ளுறவருக்கு மூச்சு வாங்குமே."

ஆட்டத்தில் தள்ளுகிறவர் என்று யாருமே இல்லை. அம்புக்குறியை அழுத்தினால் நாற்காலி தானாக ஏறும். அப்படித்தான் பேராசிரியை அமைத்திருந்தாள்.

கணினி அறை கீழ்த்தளத்தில். வகுப்பு முடிந்ததும், பதினோரு வருஷ வழக்கப்படி, கணவர் வாசலில் நின்றிருந்தார். இன்றைக்கு எத்தனை பேரைக் கவிழ்த்தாய் என்று கேலி பேசியபடியே, அவளுடைய சக்கர நாற்காலியைப் பிடித்து, அந்த அறையின் ஜன்னலை ஒட்டி மேலே போகும் சாய்தளத்தில் தள்ளத் தொடங்கினார்.

பாதி ஏற்றத்தில் அவர் பேச்சு நின்றது. தினமும் அங்கேதான் நிற்கும். கேலிதான் தீர்ந்துவிட்டது என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று அவளே பிரேக்கைப் போட்டாள்.

என்ன ஆச்சு என்று கேட்கக்கூட அவருக்குக் காற்று போதவில்லை.

மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, அந்த நாற்பதைத் தள்ளுபடி செய்தாள்.

கருமியின் கணக்கு தீர்ந்தது. இவள் கணக்கில் பதினோரு வருஷம் பாக்கி.