அலமாரிச் சாவி

மாமியார் சமையலறை அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிய மருமகள், வழக்கம்போல் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

மேசையில் ரொட்டியும் பழமும், ஃப்ளாஸ்க்கில் டீயும் அவளுக்காக மூடி வைக்கப்பட்டிருந்தன. பசிக்கு அது தாராளம்தான். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

ஊரிலிருந்து வந்த கையோடு, மகனுக்குப் பிடிக்குமே என்று பிஸ்கட்டும் கேக்குமாக வாங்கி அந்த அலமாரியை நிரப்பியவளே அவள்தான். மறுநாளே பூட்டு விழுந்துவிட்டது. பெற்ற மகன் வீட்டிலேயே திருடி என்று பட்டம் கட்டிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது மகன் வந்தான். நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்த களைப்பு. கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. பையைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"உன் தங்கச்சி வீட்டுக்கு. அங்க யாரும் எனக்குப் பயந்து பூட்டுப் போட மாட்டாங்க."

"அவ உன்னை ஒண்ணும் சொல்லலையேம்மா."

"வாயால வேற சொல்லணுமா? இன்னொரு சாவி எங்கடா? எடு, திற!"

"அதை அவ எங்க வைக்கிறாள்னு எனக்கே தெரியாதும்மா."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வயதாகியும் பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாத இவனையா பெற்றோம் என்று சலிப்பாக வந்தது.

"உன் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்க உனக்குத் துப்பில்ல. இனிமே இந்தப் படியை மிதிக்க மாட்டேன்டா."

பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"நில்லும்மா. நான் டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்னடா உனக்கு?"

"சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியலம்மா. பசியே இருக்காது. யாருக்கும் தெரியாம, டப்பா காலியாகிற வரைக்கும் தின்னுடறேன். அப்புறம் என்னைப் பார்த்தா எனக்கே அருவருப்பா இருக்கு." அவன் தலை நிமிரவில்லை. "இது ஒரு வியாதியாம். எங்க வயசுல நிறைய பேருக்கு இருக்காம். வெக்கப்பட்டு வெளிய சொல்றதில்லையாம்."

பை அவள் கையிலிருந்து நழுவியது. சின்ன வயதில் ஒரு வாய் சோறு ஊட்ட இவன் பின்னால் ஓடியவள் அவள். மறுகணம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்காக? கட்டின புருஷனுக்கே பூட்டுப் போடுவாளா? அவளும் ஒரு பொம்பளையா?"

"பூட்டை வாங்கிட்டு வந்து அவ கையில குடுத்ததே நான்தாம்மா."