எழுபத்தைந்து சென்ரிமீற்றர்

"இந்தக் கட்டிடத்தை இடித்துவிடுங்கள்" என்றார் வின்சென்ற்.

நிலூஜா எழுதுவதை நிறுத்தினாள்.

ஒஸ்லோ நகரசபையின் மரபுரிமைப் பிரிவில் அவள் சேர்ந்து ஆறு வருடங்கள். தங்கள் கட்டிடத்தைக் காப்பாற்றித் தரும்படி அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள். கட்டியவரே வந்து இடிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வின்சென்றுக்குத் தொண்ணூறு வயது. நெதர்லாந்துக்காரர், கட்டிடக் கலைஞர். ரொட்டர்டாமில் படித்துவிட்டு இருபத்தேழு வயதில் நோர்வேக்கு வந்து, பள்ளிக்கூடங்கள், ஒரு நூலகம், ஒரு தேவாலயம் என்று பதினாறு கட்டிடங்களைக் கொங்கிறீற்றில் எழுப்பியவர். பாடப் புத்தகங்களில் அவருடைய படம் இருந்தது.

பதினைந்து இடிபட்டுவிட்டன. ஒன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

மிஞ்சியது ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதிக்குப் பக்கத்து மேட்டில் நிற்கும் இந்த ஒன்பது மாடிக் குடியிருப்பு. இதை நிரந்தரமாகப் பாதுகாப்பதா என்று அடுத்த கிழமை முடிவாகும்.

நிலூஜா தன் அறிக்கையில் பல்கனிகளின் தாழ்ந்த அரைச்சுவரைப் புகழ்ந்திருந்தாள். கதிரையில் இருந்தபடியே பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம். பிற்காலத்தில் சுவரின் மேல் பொருத்திய இரும்புக் கம்பிகள் அந்த அழகைக் கெடுக்கின்றன, அவற்றை அகற்றலாம் என்றும் எழுதியிருந்தாள்.

அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் கிழவர் புறப்பட்டு வந்திருந்தார்.

ஜெயகுமாரி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாலாம் மாடியில் இருக்கும் இந்த வீடு அவருடையது. கட்டிடத்தைக் காப்பாற்றச் சொல்லி வீடு வீடாக ஏறி நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவர் அவர்தான். அதனால்தான் நிலூஜா சந்திப்பை இங்கே வைத்தாள். கணவர் வேலை கிடைத்து ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போனபோதும், இதைவிட்டு வரமாட்டேன் என்று தனியே நின்றுவிட்டவர் என்று அயலில் சொன்னார்கள்.

"ஏன் இடிக்க வேண்டும்?" என்று நிலூஜா நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

வின்சென்ற் பல்கனிக் கதவைப் பார்த்தார். வந்ததிலிருந்து அதற்குக் கிட்ட அவர் போகவில்லை.

"தொண்ணூற்றோராம் ஆண்டு இங்கே ஒரு குழந்தை விழுந்தது. நாலு வயது. உங்கள் நாட்டுப் பிள்ளை."

கட்டும்போதே சுவரை உயர்த்தும்படி பொறியியலாளர் இரண்டு தடவை எழுதினார். காட்சி மறையும் என்று எழுபத்தைந்து சென்ரிமீற்றரிலேயே நிறுத்தியவர் வின்சென்ற். கம்பிகள் வந்தது குழந்தை போன பிறகு.

"கதவு பூட்டித்தான் இருந்ததாம். குழந்தையே திறந்திருக்கிறது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அந்தப் பூட்டை வைத்தவனும் நான்தான்."

பத்திரிகைகள் பெயர் போடவில்லை. எந்த வீடு என்று விசாரிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அதன்பின் அவர் ஒரு கோடுகூட வரையவில்லை. கர்வம் பிடித்தவர், இனி யாருக்கும் வரையமாட்டாராம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் நிலூஜாவின் மணிக்கட்டைப் பிடித்தார். குளிர்ந்த கை.

"எனக்கு அதிக காலமில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே இடியுங்கள். என் பெயரைச் சொல்லி ஒரு பலகை இதில் தொங்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்."

நிலூஜா ஜெயகுமாரி பக்கம் திரும்பினாள். "அன்ரி, இவர் என்ன சொல்லுறார் எண்டால்..."

"விளங்குது பிள்ளை."

ஜெயகுமாரி கிழவருக்கு முன்னால் வந்து நின்றார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்.

"இடிக்க வேண்டாம். அவனுக்குப் பெயர் கிருஷிகன். என்னுடைய மகன்."

வின்சென்ற் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என் சுவர்" என்றார். "என் பூட்டு." அதையே திரும்பவும் சொன்னார்.

ஜெயகுமாரி அவரை மெல்லக் கதிரையில் இருத்தினார். எதையோ சொல்லத் தொடங்கி, அந்த மொழியில் முடியாமல், நிலூஜாவிடம் தமிழில் சொன்னார்.

"அவரிட்டைச் சொல்லு பிள்ளை. கதவைத் திறந்தபடி விட்டிட்டுக் குசினிக்குப் போனது நான். பூட்டினனான் எண்டுதான் பொலிசுக்குச் சொன்னனான். என்ரை மனுசனுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."