சபை ஏட்டின் வலப்பக்கம்

"செத்துப்போனவங்க பக்கத்துலதானே எழுதணும்?" என்று கேட்டான் கில்பர்ட், இறகுப் பேனாவை மையில் தோய்த்தபடி.

"வேற எங்க? என் வீட்டுக்காரர் போய் மூணு வருஷம் ஆச்சே." மார்ஜரி தான் கொண்டுவந்த ஒரு ராத்தல் மெழுகை மேஜைமேல் வைத்தாள்.

ஆல்டன்பரியின் புனித கத்தரீனாள் சபைக்கு இருப்பது ஒரே ஏடு. இடப்பக்கம் உயிரோடு இருக்கும் உறுப்பினர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். மெழுகு கொடுத்தால் எப்போதோ இறந்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள். கல்லறைத் திருநாள் பூசையில் சாமியார் அந்தப் பெயர்களை உரக்க வாசிப்பார்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. கணவன் பெயர் இருக்கும் வரியிலேயே தன் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டால், அந்த விதவை மறுமணம் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அதன்பிறகு பெண் கேட்டு யாரும் அவள் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

கில்பர்ட்டுக்குக் காலையிலிருந்து அதே கவலைதான். சபையின் எழுத்தரான அவனுக்கு பியர் ஒத்துக்கொள்ளாது. இருந்தும் மார்ஜரி காய்ச்சி விற்கும் பியரில் தினமும் ஒரு குடுவை வாங்கி, பக்கத்து வீட்டுப் பன்றிக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்தில் பன்றி கொழுத்ததே தவிர, அவளிடம் கேட்க நினைத்ததை அவன் கேட்கவில்லை.

இன்று அவள் தலையில் வழக்கமான கறுப்பு முக்காடு இல்லை, பச்சை. கறுப்பைத் துவைத்துக் காயப்போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"பேரு?"

"ஹேமன். தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"அவன் அப்படித்தாம்மா," என்றார் கணப்படுப்பருகே உட்கார்ந்திருந்த சபைத் தலைவர் பெர்கின். "கேக்க வேண்டியதை விட்டுட்டு மத்ததையெல்லாம் கேப்பான். அது போகட்டும், உன் பேரையும் கூடச் சேத்து எழுதச் சொல்லட்டுமா?"

பெயர் கொடுக்க வரிசையில் நின்ற நாலைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மார்ஜரியைப் பார்த்தார்கள். அவள் கில்பர்ட்டைப் பார்த்தாள். அவன் பேனா முனையைப் பார்த்தான்.

"எழுத்தர் என்ன சொல்றார்?" என்றாள்.

"நானா? நான் சொல்ல என்ன இருக்கு? சொல்றதை எழுதறவன்."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப எழுதுங்க," என்றாள், சற்று வெடுக்கென்று. "புருஷன் பேரு. பின்னாடியே, 'அவர் மனைவி மார்ஜரி'ன்னு."

கில்பர்ட் குனிந்து எழுதினான். ஒவ்வொரு எழுத்தும் மூட்டை தூக்குவதுபோலக் கனத்தது. முடித்து, மைமேல் மணலைத் தூவி, ஏட்டைத் தலைவர் பக்கம் தள்ளினான். புது வரியை எல்லார் காதிலும் விழும்படி வாசித்துச் சரிபார்ப்பது தலைவரின் வேலை.

பெர்கின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கில்பர்ட், அவர் மனைவி மார்ஜரி."

பெர்கின் ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏண்டா, நீ எப்ப செத்தே?"

வரிசையில் நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கில்பர்ட்டின் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"மன்னிச்சிடுங்க," என்று எழுத்துச் சுரண்டும் கத்தியைத் தேடினான். "கை தவறிடுச்சு. இதோ, இப்பவே சுரண்டிடறேன்."

"நல்லாச் சுரண்டுங்க," என்றாள் மார்ஜரி. முகத்தில் சிரிப்பே இல்லை. "அந்தப் பக்கத்துல அதுல ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது."

ஏட்டின் தோல்தாள் கிழிந்துவிடாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டினான். தன் பெயரைவிட அவள் பெயரைச் சுரண்டத்தான் அதிக நேரம் எடுத்தது.

"இப்ப அங்க ஹேமன் பேரை எழுதுங்க."

எழுதினான். "கூட உங்க பேரு?"

"அவர் பேரு மட்டும் போதும்."

பெர்கின் நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்ஜரி ஏட்டைத் தன் பக்கம் இழுத்து, இடப்பக்கத்தில் காலியாக இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சுரண்டினீங்களே, அதை இங்க எழுதுங்க."